கீழ் வலது மூலை

என் கணவர் ரதீஸ் வீட்டுக் கதவைப் பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவர். ஒரு தரம் பூட்டு விழுந்ததா என்று பார்க்க, மற்றத் தரம் முதலில் இழுத்தது சரிதானா என்று பார்க்க. கல்யாணமான புதிதில் நான் இதைச் சொல்லிச் சிரிப்பேன். "ஒரு நாளைக்குப் பூட்டு கழண்டு கையோட வரப்போகுது" என்பேன். "வரட்டும் புள்ள, புதுசு வாங்குவம்" என்பார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

தேத்தண்ணிக்கு நன்றி. நான் அவசரப்படாமல் ஆறுதலாகவே சொல்லுகிறேன். எட்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுத்தவள், மற்றவர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து சொல்ல எனக்குப் பழக்கம். பெயர் யசோதினி, வயது முப்பத்திரண்டு, ஊர் பெரியகல்லாறு. என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகப் பஸ் ஏறி இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். இரண்டு வருஷமாக என் கணவர் தன்னுடையதல்லாத ஒரு பாரத்தைச் சுமக்கிறார். அதை இறக்கிவைக்கத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது என்று கேள்விப்பட்டேன். அதனால் ஆற்றுவாய் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வாவி கடலோடு சேருகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த வாய் மூடித்தான் கிடக்கும். கடல் தள்ளிய மணல் குறுக்கே திட்டாகக் கிடக்கும். மாரி மழை பிடித்தால் வாவி நிரம்பி, வயல்வெளி வட்டைக்குள் தண்ணீர் ஏறி, கதிர் தள்ளப்போகிற குடலைப் பயிர் மூழ்கும். வேளாண்மைக்காரருக்கு அன்றைக்கே திட்டை வெட்டி வாயைத் திறக்கவேண்டும். திறந்தால் வாவியில் வளர்ந்த இறால் எல்லாம் கடலோடு போய்விடும், ஆகவே தோணிக்காரருக்கு இன்னும் இரண்டு நாள் பொறுக்கவேண்டும். வருஷாவருஷம் இதே சண்டைதான். மண்வெட்டியும் தோணி வலிக்கிற சவளுமாக இரண்டு பகுதியும் மணலில் எதிரெதிரே நின்ற மாரிகள் உண்டு.

கடைசியில் இரண்டு பகுதியும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். மூன்று இடத்தில் கம்பம் நட்டு, அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். வயல் பக்கக் கம்பத்தைக் கந்தப்போடி ஐயா பார்ப்பார், பாலத்துக் கம்பத்தைத் தேத்தண்ணிக் கடைக்காரர் பார்ப்பார், வாய்க்குக் கிட்ட உள்ளதைத் தோணிக்காரரில் ஒருவர் பார்ப்பார். மூன்றின் சராசரி நாலரை அடியைத் தொட்டால் வாய் வெட்டலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு. யாரும் அரை அடி, கால் அடி என்று சொல்லக்கூடாது. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டு நிற்கிறதோ அந்த முழு எண்ணை மட்டும் அனுப்பவேண்டும். அரை அடிக் கதைக்கு இடம் கொடுத்தால் வேளாண்மைக்காரர் அரை அடி கூட்டுவார்கள், தோணிக்காரர் அரை அடி குறைப்பார்கள். இதைக் கந்தப்போடி ஐயாதான் கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். "நானே கூட்டித்தான் சொல்லுவன், என்னை நம்பாதீங்கடா" என்றார். எல்லாரும் சிரித்து ஒத்துக்கொண்டார்கள்.

சராசரியைக் கணக்குப் பார்க்கிற வேலை எங்களிடம் வந்தது. ரதீஸ் அதற்கு ஒரு கணினி நிரல் எழுதினார். மூன்று எண்ணையும் தட்டி ஓடவிட்டால் சராசரியைச் சொல்லும். நாலரை தாண்டினால் வாய்ப் பக்கம் தொழில் செய்கிற அறுபத்தெட்டுப் பேருடைய தொலைபேசிக்கும் மெசேஜ் தானாகப் போகும். மெசேஜ் போய் நாலு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வெட்டவேண்டும். அதற்குள் வலையைத் தூக்கி, தோணியைக் கரையில் ஏற்றிவிடலாம். இது சங்கத்துத் தீர்மானம். வாய் திறந்த முதல் சில மணித்தியாலம் கிட்டப் போன தோணி திரும்பி வராது. அது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சங்கத்துக்குத் தனிக் கட்டடம் கிடையாது. கூட்டுறவுக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பழைய லப்டொப். அதில் பைதன் மொழியின் இரண்டு பதிப்புகள் இருந்தன, ஒன்று பழையது, ஒன்று புதியது. மெசேஜ் அனுப்புகிற பெட்டியை முந்தி ஓர் உதவி நிறுவனம் தந்துவிட்டுப் போனது. அதை எழுப்புகிற நிரல் பழைய பதிப்பில்தான் ஓடும். ரதீஸ் எழுதிய கணக்கு புதிய பதிப்பில் ஓடவேண்டும். ஆகவே காலையில் நிரல் எழுதுகிற எடிற்றரைத் திறந்து, பழைய பதிப்பைத் தெரிவுசெய்து, பெட்டியை எழுப்பி, பிறகு புதியதுக்கு மாற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்குவோம். மாற்றுகிறது பெரிய வேலை இல்லை. திரையின் கீழ் வலது மூலையில் பொடி எழுத்தில் பதிப்பின் எண் இருக்கும். அதில் ஒரு தட்டுத் தட்டினால், கணினியில் உள்ள பதிப்புகளின் பட்டியல் மேலே விழும். வேண்டியதைத் தெரிவுசெய்தால் மூலையில் உள்ள எண் மாறும். வேறு ஒன்றும் மாறாது. நிரலில் ஓர் எழுத்தும் மாறாது.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். வேறு யாருடைய நிரலாக இருந்தாலும் பதிப்பு மாறினால் பிழை காட்டி நின்றுவிடும், ஆளுக்குத் தெரிந்துவிடும். ரதீஸின் நிரல் இரண்டிலும் ஓடும். ஆனால் பழைய பதிப்பு முழு எண்ணை முழு எண்ணால் பிரித்தால் மிச்சத்தை எறிந்துவிடும். பதினாலை மூன்றால் பிரித்தால் நாலரைக்கு மேல், இல்லையா. புதியது அப்படியே சொல்லும். பழையது நாலு என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும். நிரலில் ஒரு தசமப் புள்ளி போட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நானே அவருக்கு இரண்டு தரம் சொன்னேன். "மாரி முடியட்டும் புள்ள. ஓடிக்கொண்டிரிக்கிறதில கை வைக்கப்படாது" என்றார். அதனால்தான் காலையில் பதிப்பை மாற்றியவுடன் "மாத்திட்டன்" என்று வாய்விட்டுச் சொல்லுவார். நான் "ஓம்" என்பேன். கதவை இரண்டாம் தரம் இழுக்கிறது மாதிரி அது. என்னுடைய "ஓம்" கேட்டால்தான் எழும்புவார்.

அந்த மாரியில் அவருக்குக் கட்டார் நாட்டில் ஒரு கொம்பனியில் வேலை சரிவந்தது. நல்ல வேலை, அவருடைய படிப்புக்கேற்ற வேலை. அவர்கள் கேட்டது ஒரே ஒரு கடிதம். இந்த எச்சரிக்கை முறை ஒரு மாரி முழுக்கப் பிழையில்லாமல் ஓடியது என்று சங்கத் தலைவர் கையொப்பம் வைத்துத் தரவேண்டும். மாரி முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. தலைவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன் என்று பகிடியாகச் சொல்லுவார்.

நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை, ஐயா. ஒரு நாளும் சொல்லவில்லை. அவருடைய உடுப்புகளை நான்தான் ஸ்திரி போட்டு அடுக்கினேன். எனக்கு ஒன்பது வயதில் அப்பா சவூதிக்குப் போனார். பஸ்ஸில் ஏறி இருந்துகொண்டு, "ஒரு வருஷம் மகள், கண்ணை மூடித் திறக்க வந்திருவன்" என்றார். முதலில் வெள்ளிக்கிழமை தோறும் கதைத்தார். பிறகு மாதத்துக்கு ஒரு தரம். பிறகு தீபாவளிக்கு. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று ஊரார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா சாகும்வரைக்கும் வாசல் கேற் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தார். நான் அந்த மாதிரி எட்டிப் பார்க்கிற பெண்ணாக ஆகமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். வேறு காரணம் கிடையாது. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. இரவு முழுக்கப் பெய்த மழை விடிய விட்டிருந்தது. ஆறு மணிக்கு அவரும் நானும் அறையைத் திறந்தோம். பெட்டியை எழுப்பினார். மூலையில் தட்டினார். "மாத்திட்டன்" என்றார். "ஓம்" என்றேன். மூன்று கம்பத்திலிருந்தும் எண் வந்தது. நாலு, நாலு, நாலு. தட்டினார், சராசரி நாலு. பயண வேலையாக மருத்துவச் சோதனைக்கு மட்டக்களப்புக்குப் போகவேண்டியிருந்தது. ஏழே முக்கால் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார். "ஒம்பது மணிக் கணக்கை நீ பாரு புள்ள. ரெண்டு மூண்டு மணிக்குள்ள வந்திருவன்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மூலையை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாலையும் கண்ட பிறகுதான் எனக்கு எண்ணம் வந்தது. பன்னிரண்டை மூன்றால் பிரித்தால் மிச்சம் கிடையாது. பழையது ஓடியிருந்தாலும் நாலு, புதியது ஓடியிருந்தாலும் நாலு. ஆகவே காலையில் எந்தப் பதிப்பு இருந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அவராலும் முடியாது. நான் கணக்கு நன்றாகப் பார்ப்பேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களும் சொல்லுவார்கள்.

எட்டரை மணி அளவில் நான் அந்த மூலையில் ஒரு தட்டுத் தட்டினேன். பட்டியல் விழுந்தது. பழையதைத் தெரிவுசெய்தேன். மூலையில் எண் மாறியது. அவ்வளவுதான். ரதீஸ் எழுதியதில் ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும் என்று நினைத்தேன் என்றால், ஒரு மெசேஜ் பிந்தும். வேளாண்மைக்காரர் வந்து சத்தம் போடுவார்கள். தலைவர் பேனையை மூடுவார். ரதீஸ் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார், நான் அவருக்குப் பிடித்த நண்டுக் கறி வைத்துக் கொடுப்பேன், அதோடு கட்டார் கதை முடிந்துவிடும். பொன்னாங்கண்ணி மலிவாக வரும்போது வாங்கி வைக்கிற மாதிரி ஒரு சின்ன முன்யோசனைதான் அது.

ஒன்பது மணிக்கு எண்கள் வந்தன. ஐந்து, ஐந்து, நாலு. தட்டினேன். சராசரி நாலு, அறிவித்தல் தேவையில்லை என்று திரையில் வந்தது. கந்தப்போடி ஐயா பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தார். "புள்ள, வட்டைக்குள்ள தண்ணி ஏறிட்டுதே, இன்னும் மெசேஜ் வரல்லயா?" என்றார். "உங்கட கம்பம் மட்டும்தானே ஐயா அஞ்சு, மூண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்" என்றேன். "அது சரிதான் மகள்" என்று வைத்துவிட்டார். தான் போட்ட கட்டுப்பாடு அல்லவா, அதை அவர் மீறமாட்டார். ஒவ்வொருவருக்கும் தன் கம்பத்தின் எண்தான் தெரியும். மூன்றும் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கும் அதே எண்கள் வந்தன. ஐந்து, ஐந்து, நாலு. மறுபடி பதினாலுதான். மறுபடி நாலு என்று சொன்னது. மூன்று மணிக்கு மூன்று ஐந்து வந்திருக்கும், அப்போது பழைய பதிப்புக்கே ஐந்து என்று விளங்கியிருக்கும். வாய் அதுவரைக்கும் பொறுத்திருந்தால் எல்லாம் நான் நினைத்த மாதிரித்தான் முடிந்திருக்கும். அது பொறுக்கவில்லை. ஒன்று நாற்பதுக்குத் திட்டு தானாக உடைந்தது. கூட்டுறவுக் கடை அறையில் இருந்த எனக்கே இரைச்சல் கேட்டது. லொறி ஒன்று கல் கொட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

வாய்ப் பக்கம் நாலு தோணி நின்றது. மூன்று கரை சேர்ந்தது. நாலாவது என் கணவரின் தம்பி தனோஜனுடையது. இருபத்து மூன்று வயது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் சொன்னார்கள், அவன் கடைசிவரைக்கும் சவளை விடவில்லை, கரையைப் பார்த்துக் கையை மட்டும் ஒரு தரம் தூக்கினான் என்று. மூன்றாம் நாள் தெற்கே இரண்டு ஊர் தள்ளிக் கரை ஒதுங்கினான். இடுப்பில் கட்டியிருந்த சாரம் என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றபோது வாங்கியது. அதைக் கொண்டுதான் அடையாளம் சொன்னோம்.

ரதீஸ் இரண்டரைக்கு வந்து சேர்ந்தார். தம்பியின் சங்கதி அவருக்குப் பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கடற்கரைக்கு ஓடவில்லை, நேரே அறைக்குள் வந்தார். மேசைக்குக் குனிந்து மூலையைப் பார்த்தார். பழைய எண் இருந்தது. நான் அதை மாற்றியிருக்கலாம், ஐயா. திட்டு உடைந்த பிறகு ஐம்பது நிமிஷம் என் கையில் இருந்தது. அதையும் நான் யோசித்தேன். மாற்றினால் ஏன் மெசேஜ் போகவில்லை என்ற கேள்வி என்னிடம்தான் வரும். மாற்றாமல் விட்டால் கேள்வியே வராது.

அவர் கதிரையில் இருந்தார். மூலையைத் தொட்டுப் பார்த்தார், திரையில் ஏதோ தூசி இருக்கிற மாதிரி. பிறகு என்னிடம் கேட்டார். "நான் காலையில மாத்தினனான்தானே? சொன்னனான்தானே புள்ள? நீ ஓம் எண்டு சொன்னியா?"

நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "எனக்கு ஞாபகமில்ல" என்றேன்.

அவர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "அப்ப நான் மறந்திட்டன்" என்றார். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருந்த ஒன்று அவனைவிட்டுப் போகிறதை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு நெஞ்சு வெடித்தது, அதை நான் மறைக்கவில்லை. நான்தான் அவருடைய தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மனிதருக்கு மறதி வரத்தான் செய்யும் என்று சொன்னேன்.

அன்றைய விசாரணையிலும் அவர் அதையேதான் சொன்னார். உங்கள் வழக்குக் கோவையில் இருக்கும். வேலைப் பராக்கில் பதிப்பை மாற்ற மறந்துவிட்டேன் என்று கையொப்பம் வைத்திருக்கிறார். விபத்து என்று எழுதி மூடினார்கள். சங்கத்தார் அவரைக் குறை சொல்லவில்லை, நல்ல மனிதர்கள். கந்தப்போடி ஐயா வீட்டுக்கு வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார். குறை சொன்னது ரதீஸின் அம்மா மட்டும்தான். சீதேவிப்பிள்ளை மாமி. எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால், "ஒரு நம்பரை மாத்த ஏலாமப் போச்சா மனே உனக்கு? என்ட புள்ளய ஒரு நம்பருக்கா குடுத்தன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மாமி மகனோடு கதைக்கிறது இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார். என்னிடம் மட்டும் மாமி வருவார். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, "நீயாவது என்னோட இரிக்கிறாய் மகள்" என்பார். நான் அவருக்குத் தலை வாரிவிடுவேன்.

ரதீஸ் அதற்குப் பிறகு கணினியைத் தொடவில்லை. கட்டார்க் கடிதத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இன்னொருவருடைய தோணியில் கூலிக்குப் போகிறார். சவள் பிடித்துப் பழக்கமில்லாத கை, முதல் இரண்டு மாதம் உள்ளங்கை எல்லாம் தோல் உரிந்து கிடந்தது. நான் மஞ்சள் வைத்துக் கட்டுவேன். பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். கதவைப் பூட்டிவிட்டு இப்போது இரண்டு தரம் இழுக்கிறதில்லை. பதினைந்து, இருபது தரம் இழுப்பார். இழுத்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான் "ஓம், பூட்டிட்டீங்க" என்று சொல்லவேண்டும். சொன்னால் ஒரு நிமிஷம் நம்புவார். பிறகு எழும்பிப் போய் மறுபடி இழுப்பார். அடுப்பை அணைத்தேனா, பைப்பை மூடினேனா, செருப்பைக் கழற்றினேனா என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத்தான் செய்கிறார். அவருடைய ஞாபகம் முழுக்க இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

இதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது கஷ்டம், ஐயா. ஆனாலும் கஷ்டம் மட்டும்தான் என்று சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது நான் கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. விட்டுப்போகவில்லை, கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அன்றைக்குப் பன்னிரண்டே காலுக்குத் தனோஜன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். அந்த விசாரணையில் என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் கொம்பனியில் கேட்டால் பதிவு இருக்கும். ஒரு நிமிஷத்துக்கும் குறைவு.

"மச்சாள், மெசேஜ் ஒண்டும் வரல்ல. ஆனா இஞ்ச தண்ணி ஒரு மாதிரி இழுக்குது. இண்டைக்கு வாய் வெட்டுற கதை ஏதும் இரிக்கா?" என்று கேட்டான்.

கரைக்கு வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். நான் சொல்ல முதல் அவன் சிரித்துக்கொண்டு சொன்னான், "வெட்டாட்டி இன்னும் ரெண்டு தரம் வலை எறிஞ்சிட்டு வாறன். இறால் எண்டா இறால், கொட்டுது. பொரிச்சுப் போத்தல்ல அடைச்சு வையுங்க மச்சாள். அண்ணன் பயணம் போகக்குள்ள கொண்டு போகட்டும்."

பயணம் என்று சொன்னான். அவன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் கரைக்கு வா என்று சொல்லியிருப்பேன். ஏறி வா, தண்ணீர் கூடிவிட்டது என்று அவனிடம் சொன்னால் அவன் மற்றத் தோணிகளுக்குக் கூவுவான், யாராவது ரதீஸுக்கு எடுப்பார்கள், ரதீஸ் அங்கிருந்தே மூலையைப் பார் என்பார், பதிப்பை மாற்றியவுடன் மெசேஜ் போய்விடும். பிழை என்று ஒன்று நடந்திருக்காது. கடிதம் எழுதப்பட்டிருக்கும். இதெல்லாம் அந்தச் சில நொடிக்குள் எனக்கு வரிசையாகத் தெரிந்தது.

"எத்தின அடி காட்டுது மச்சாள்?" என்று மறுபடி கேட்டான்.

"நாலடிதான் தம்பி. நீ ஆறுதலா எறிஞ்சிட்டு வா" என்றேன்.

திரையில் இருந்ததைத்தான் சொன்னேன். திரையில் நாலு என்றுதான் இருந்தது. இரண்டு வருஷமாக எனக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் ஆறுதலாக எறிந்துவிட்டு வா என்று திரையில் இருக்கவில்லை. அதை நான்தான் சொன்னேன். அவன் என்னைத் தன் அக்காவைப் போல நம்பினவன். அவனைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், இந்த வசனத்தை நான் சொன்னபடியே எழுதுங்கள். யசோதினி ஆகிய நான், தனோஜனைக் கொன்றேன்.

கையொப்பம் எங்கே வைக்கவேண்டும்?

ஏன் இத்தனை நாள் கழித்து என்று கேட்கிறீர்கள். சொன்னேனே, அவர் சுமக்கிற பாரத்தை இறக்கத்தான். போன கிழமை அவர் எனக்கு ஒரு சங்கதி சொன்னார். இந்த வாவியைப் பார்த்துக்கொண்டு இனி இருக்க ஏலாது என்றார். தனக்குத் தெரியாமல் நாளைக்கு வேறு எதை மறந்து வேறு யாரைச் சாகடிப்பேனோ என்று பயமாக இருக்கிறது என்றார். கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிற வேலை. கணினி இல்லை, எண் இல்லை. இரண்டு மாதமாக ஒழுங்கு பண்ணியிருக்கிறார், எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்காமல் அவர் செய்த ஒரே வேலை அதுதான். இன்றைக்குப் பின்னேரம் ஆறரைக்குக் கொழும்பு பஸ், நாளைக்கு விமானம். "கொஞ்ச நாளைக்குத்தான் புள்ள" என்றார்.

அவர் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தால் போகவேண்டிய தேவை இருக்காதுதானே. மாமியும் அவரோடு கதைப்பார். அப்படித் தெரிந்த பிறகும் அவர் போக நினைத்தால்கூட, இந்த வழக்கில் முதல் சாட்சி அவர்தான். வழக்கு முடியும்வரை சாட்சிக்காரர் நாட்டைவிட்டுப் போக முடியாது என்று ஒரு சட்டத்தரணியிடம் நேற்று விசாரித்தேன். இப்படியான வழக்குகள் பத்து வருஷமும் இழுபடும் என்றார்.

ஐயா, இப்போது மணி நாலே முக்கால். அவருடைய பாஸ்போட் கறுப்புப் பையின் பக்கப் பொக்கற்றில் இருக்கிறது, நான்தான் வைத்தேன். தயவு செய்து ஒரு ஆளை இப்போதே அனுப்புங்கள். என்னை எங்கே வைத்தாலும் பரவாயில்லை. அவர் ஊரில் இருந்தால் போதும்.